பத்து மில்லிமீட்டரும் பத்தடி அறையும்

ஒரு சிறிய அறைக்குள் நின்றுகொண்டு அந்த அறையையே படம் பிடிக்க முயன்றவர்களுக்குத்தான் அதிலுள்ள தொல்லை தெரியும். முதுகு சுவரில் முட்டும். காலடியில் பாத்திரம் உருளும். காமிராவின் வழியாகப் பார்த்தாலோ கட்டிலின் கால்மாடும் பாதி ஜன்னலும் தவிர வேறொன்றும் அகப்படாது. இன்னும் ஓரடி பின்வாங்கலாமென்றால் சுவர் இடங்கொடாது. வெளியே போய் நின்றால் கதவு நிலை குறுக்கே நிற்கும். நமது தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளின் நிலைமையைப் படங்களுடன் எழுதித் தலைமை ஆபீசுக்கு அனுப்பும் வேலை நம் தலையில் விழுந்தபொழுது, இத்தொல்லையை மூன்று நாட்கள் அனுபவித்தோம். அதன் பிறகுதான், நாம் இங்கு எழுதப்போகும் லென்ஸை வாங்கினோம். வாங்கியது தவறன்று, அதைக்கொண்டு முதலிற் செய்த காரியமே தவறு.

அந்த லென்ஸ் கேனன் கம்பெனியார் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அகலக்கோண லென்ஸ்களுள் மிகமிக அகன்ற வகையைச் சேர்ந்தது. ஜூம் வசதியும் உடையது. அதாவது, வளையத்தைத் திருப்பினால் அதன் குவியத்தூரம் 10 மில்லிமீட்டரிலிருந்து 18 மில்லிமீட்டர் வரை மாறும். எடை 240 கிராம்தான். காமிராவுடன் பூட்டும் வளையங்கூடப் பிளாஸ்டிக்கே. பிளாஸ்டிக் என்றதும் முகஞ்சுளிப்பவர் உண்டு. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடுகிறவர்களுக்கு அந்தச் சுளிப்புக் கட்டுபடியாகாது. கோலாலம்பூரில் ஒருவர் சில காலம் வைத்திருந்து கழித்ததை 550 வெள்ளிக்குப் பேசி வாங்கினோம். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் நம் மனைவியார், “இதுல தூரத்துல இருக்கற குருவி தெரியுமா?” என்று ஆவலோடு கேட்டார். தெரியாது என்றோம், இதில் பார்த்தால் பக்கத்து மரத்துக் குருவியும் கொசுவாகிவிடும் என்றோம். “பின்னே இதுக்கா அஞ்ஞூத்தம்பது வெள்ளி?” என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குப் போய்விட்டார்.

கேள்வி நியாயமானதே. தூரத்துப் பொருளை அருகே இழுத்துக் காட்டும் லென்ஸின் பெருமை எவருக்கும் உடனே விளங்கும். அருகிலுள்ளதைத் தள்ளிவைத்துக் காட்டுவதில் என்ன பெருமை இருக்கிறதென்பது, இடமில்லாத இடத்தில் நின்று பார்த்தாலன்றி விளங்காது. பிலிம் காலத்துக் காமிராவில் படம் விழும் சட்டம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையதாக இருந்தது. டிஜிட்டல் காமிரா வந்தபொழுது, ஒளியை உணரும் தகட்டை அவ்வளவு பெரிதாகச் செய்வதற்குப் பெருஞ்செலவு பிடித்தது. ஆகையால் சாதாரண மனிதருக்கென்று வந்த காமிராக்களிற் சிறிய தகட்டையே வைத்தார்கள். நம்முடைய காமிராவில் அது 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பழைய லென்ஸ் ஒன்றை இதில் மாட்டினால், அது காட்டும் காட்சியின் நடுப்பாகம் மட்டும் தகட்டில் விழும், ஓரங்கள் வீணாகும். முன்பு 24 மில்லிமீட்டராக இருந்த லென்ஸ் 38 மில்லிமீட்டர் லென்ஸைப் போல் நடந்துகொள்ளும். காமிரா புதிதாயிற்று, பார்வை குறுகிற்று. இக்குறையைத் தீர்க்கவே நிக்கான் கம்பெனியார் 2003இல் ஒரு 12–24 மில்லிமீட்டர் லென்ஸையும், கேனன் கம்பெனியார் 2004இல் ஒரு 10–22 மில்லிமீட்டர் லென்ஸையும் கொண்டுவந்தார்கள். நம்மிடமிருப்பது அவற்றின் ஏழைத் தம்பி.

18 மில்லிமீட்டரில் வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் ஏறக்குறைய 64 பாகை அகலம் தெரியும். எல்லோரும் காமிராவுடன் சேர்த்து வாங்கும் சாதாரண லென்ஸ் காட்டும் எல்லையும் அதுவே. 10 மில்லிமீட்டருக்குத் திருப்பினால் 96 பாகை. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை வெறுங்கணக்கில் விளங்காது. அறையின் மூலையில் இரு சுவர்கள் சேர்வது 90 பாகையில் அல்லவா? அந்த மூலையில் முதுகை ஒட்டி நின்று 96 பாகையைப் பார்க்கும் கண்ணுக்கு வலச்சுவரும் தப்பாது, இடச்சுவரும் தப்பாது. அறை முழுவதும் ஒரே படத்திற்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

இதிலே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். அகன்ற பார்வைக்கான ஆசை நேற்று உண்டானதன்று. ஜெர்மனியில் கோயெர்ஸ் கம்பெனியார் 1900 ஆம் ஆண்டளவிலேயே ‘ஹைப்பர்கான்’ என்று ஒரு லென்ஸ் செய்தார்கள். கோலிக்குண்டு போன்ற அந்த லென்ஸில் நடுவில் ஒளி மிகுந்தும் ஓரத்தில் குன்றியும் விழுந்தமையால், அதன் முன்னே நட்சத்திர வடிவான சிறு விசிறியொன்றை வைத்து, ரப்பர்ப் பந்தை அமுக்கிக் காற்றடித்து அதைச் சுழலவிட்டு, நடுவிலுள்ள ஒளியைச் சிறிது நேரம் மறைப்பார்களாம்! அந்த ரப்பர் எந்த நாட்டு மரத்தின் பாலோ, நாம் அறியோம். நம் போன்றோர் வைத்திருக்கும் காமிராவில் தொல்லை வேறு விதமானது. உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய வேண்டியிருப்பதால் லென்ஸைத் தகட்டுக்கு மிக நெருக்கமாக வைக்க முடிவதில்லை. ஒளியை முதலில் விரித்து, பிறகு குவித்து அனுப்பும் தந்திரத்தைக் கையாள வேண்டும். பிரான்ஸ் தேசத்து ஆஞ்ஜெனியூ 1950இல் அம்முறையில் வெளியிட்ட லென்ஸின் பெயராலேயே அத்தந்திரத்தை இன்றும் ‘ரெட்ரோபோகஸ்’ என்கிறார்கள். அசையும் கண்ணாடியே இல்லாத காமிராக்கள் வந்தபின் இத்தொல்லை குறைந்தது. 2023இல் அவ்வகைக் காமிராவுக்கென்று கேனன் கம்பெனியார் செய்த 10–18 மில்லிமீட்டர் லென்ஸின் எடை 150 கிராம்தான். நிற்க.

லயத்துக் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். நாற்பது வருஷத்திற்கு மேல் பால்வெட்டியவர். பால்மரங்களை அழித்துச் செம்பனை வைத்த பிறகும் அவ்வீட்டை விட்டுப் போகவில்லை. மகளும் மருமகனும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இருவரையும் சேர்த்து, ஐந்து பேருக்கு உறங்குமிடம் ஒரே அறை. நீளம் 10 அடி, அகலம் 9½ அடி. கூரைத் தகரத்தில் ஓட்டை. மழைநீர் இறங்கி இறங்கிப் பின்சுவரில் இரண்டு முழ அகலத்திற்குக் கறுத்துப் போயிருந்தது. அதன் கீழே விரல் நுழையும் வெடிப்பு ஒன்றும் ஓடியது. அவ்வீட்டைத்தான் முதலிற் படம் பிடித்தோம். கதவோரத்து மூலையில் முதுகை ஒட்டி நின்றோம். அறை இருட்டு; லென்ஸின் ஒளிவாயும் சிறியது. ஆயினும் கை நடுக்கத்தைத் தாங்கும் பொறி உள்ளே இருப்பதால், தோளைச் சுவரிற் சாய்த்து, மூச்சைப் பிடித்து, விநாடியில் எட்டிலொரு பங்கு நேரத்திற் படத்தை எடுத்துவிட்டோம். பின்புறத் திரையிற் பார்த்தால் எல்லாம் அகப்பட்டிருந்தன! தரையில் விரித்த பாய், கட்டில், தகரப் பெட்டிகள், ஜன்னல், பள்ளிச் சீருடை தொங்கும் கயிறு, பின்சுவர், கூரை. மூன்று நாள் தொல்லை ஒரு நொடியில் தீர்ந்தது. அன்று மாலைக்குள் ஆறு வீடுகளையும் முடித்தோம். நமக்கிருந்த பெருமிதத்தை இப்பொழுது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

அறிக்கை போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் தலைமை ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியிற் பேசினார். படங்கள் நேர்த்தியாக இருக்கின்றன என்று முதலில் நம்மைப் பாராட்டினார். பிறகு, தாம் நினைத்ததைவிட வீடுகள் விசாலமாகவே இருப்பதாகவும், பழையவையானாலும் ஒழுங்காக வைக்கப்பட்டிருப்பதாகவும், பழுதுபார்க்கும் செலவை அடுத்த ஆண்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாமென்றும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். கண்ணுக்குக் காட்டியவர்கள் நாம்.

அன்று மாலையே படத்தை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனோம். ஏன் போனோமென்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆறுதல் தேடிப் போயிருக்கலாம். பாட்டி படத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“யார் வூடு தம்பி இது? நம்ம தோட்டத்துல இம்புட்டுப் பெரிய வூடு எங்க இருக்கு?”

நாம் பதில் சொல்லாமல் நின்றோம். பாட்டிக்குப் பார்வை மங்கல். சுவரில் தொங்கும் நாட்காட்டி எந்தக் கடையுடையது என்று பார்க்க விரும்பியோ என்னவோ, படத்தை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். “அட, நம்ம வூடுதான்!” என்றார்.

வீட்டிற்கு வந்து நாமும் அவ்வாறே பார்த்தோம். பாட்டி செய்தது கணக்குப்படி சரியான காரியமென்பது பிறகு தெரிந்தது. 12 அங்குல அகலத்தில் அச்சிட்ட அப்படத்தை, ஏறக்குறைய 5½ அங்குலத் தூரத்தில் ஒற்றைக் கண்ணாற் பார்த்தால், அறை தன் உண்மையான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. லென்ஸ் நின்ற இடத்தில் நம் கண்ணும் நிற்கிறது என்று பொருள். ஆனால் அறிக்கையைப் புரட்டும் எந்த அதிகாரி தம் மூக்கைத் தாளில் ஒட்டிக்கொண்டு பார்ப்பார்? கையெட்டும் தூரத்தில் மேசைமீது வைத்துப் பார்க்கும்பொழுது, பத்தடி அறை பள்ளிக்கூட மண்டபமாகிறது.

நம்மிடம் படங்காட்டிப் பேசுகிற நண்பர்கள் பலர், “அகல லென்ஸ் உருவத்தைக் கெடுக்கும்” என்கிறார்கள். அது முழு உண்மையன்று. அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவது, நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதில் லென்ஸின் குற்றமொன்றுமில்லை. ஆனால் நின்ற இடத்தை மாற்றாமல் 18 மில்லிமீட்டரிலிருந்து 10க்குத் திருப்பினால், பின்சுவரிலுள்ள ஒவ்வொன்றும் படத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறுகும். பரப்பிலோ மூன்றிலொரு பங்குக்கும் கீழே போய்விடும். முன்னால் கிடக்கும் பாய் களத்துமேடு போல் விரியும். நமது அறிக்கையில் அச்சான சிறுபடத்தில், இரண்டு முழ அகலமான அந்தக் கறுப்பு கட்டைவிரல் நகத்தளவாய் மூலையில் ஒதுங்கியிருந்தது. வெடிப்பு கண்ணிற்கே படவில்லை. எந்தக் குறையைக் காட்டப் போனோமோ, அதையே எல்லாவற்றிலும் தொலைவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுந்தரையை முன்னால் விரித்துக் காட்டியிருக்கிறோம்.

இதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்தது, நாம்தான் படிக்கவில்லை. லென்ஸ் வாங்கிய புதிதில் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் கூட்டமாக நிறுத்திப் படம் பிடித்தோம். பின்னால் கால்வாய்; நகர இடமில்லை. ஆகையால் 10 மில்லிமீட்டரிலேயே எடுத்தோம். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டவேண்டும் என்பது இவ்வகை லென்ஸின் விரதம். மீன்கண் லென்ஸ் கோட்டை வளைத்துவிட்டு உருவத்தை ஒருவாறு காப்பாற்றும்; இதுவோ கோட்டைக் காப்பாற்றுவதற்காக ஓரத்து உருவங்களை இழுத்துவிடும். இடவலக் கடைசியில் நிற்பவரின் முகம் உயரத்தைக்காட்டிலும் அகலத்தில் ஒன்றரை மடங்கு ஆகும். நடுநாற்காலியில் அமர்ந்திருந்த தலைமையாசிரியரும் அருகிலிருந்த நாமும் இலட்சணமாக இருந்தோம். ஓரத்து மாணவன் ஒருவனுடைய தாயார் நம்மை வழிமறித்து, “என் பிள்ளை மூஞ்சி மட்டும் ஏங்க பூசணிக்காயாட்டம் இருக்கு?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்துவிட்டோம். அந்தக் காலத்துத் தோட்டக் கூட்டப்படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் துரை, அவருக்கு இருபுறமும் கிராணிமார், பிறகு கங்காணி, கடைசி ஓரத்தில் காலில் செருப்பில்லாதவர்கள். யார் எங்கே நிற்பதென்பதை எவரும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிப்படத்தில் நடு இடத்திற்கு அருகே போய் நிற்க நமக்கும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுபடியும் படம் பிடிக்கப் போனோம். இம்முறை மூலையில் நிற்கவில்லை. அறையைக் கடந்து சென்று வெடிப்பின் அருகே மண்டியிட்டோம். இந்த லென்ஸ் காமிராவின் தகட்டிலிருந்து 22 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டும். லென்ஸின் முகத்திலிருந்து அளந்தால் அரைச்சாண்தான். அத்தனை அருகில் வைத்து எடுத்த படத்தில் வெடிப்பு கோடைக்காலத்து ஆற்றைப்போல் வாய்பிளந்து கிடந்தது. கறுத்த சுவர் அதன்மேல் மலையாக எழுந்தது. அப்பாலே கட்டில், சீருடை, கதவில் நின்று எட்டிப்பார்த்த சிறுமி, எல்லாம் இருந்தன. அகன்ற கண்ணை எதற்காக உண்டாக்கினார்கள் என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. விலகி நின்று எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதற்கு மட்டும் அன்று. ஒன்றை நெருங்கி நின்ற பின்னும் அதைச் சுற்றியுள்ளவற்றை இழக்காமலிருப்பதற்கு.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது வேறொரு சங்கடம் உண்டாயிற்று. முதற்படத்தில் அறை பெருத்தது. இப்படத்தில் வெடிப்பல்லவா பெருத்திருக்கிறது? முன்பு செய்த பொய் கம்பெனிக்கு நன்மையாக முடிந்தது. இப்பொய் நமது ஜனங்களுக்கு நன்மையாக முடியும். அதனால் அது மெய்யாகிவிடுமா? அன்று இரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தோம். தொழிலாளர் பக்கம் நிற்கும் பொய்க்கு மன்னிப்பு உண்டென்று வாதாடும் நண்பர்கள் நமக்கு இருக்கிறார்கள். ஆனால் ஒருநாள் யாரேனும் அளவுகோலுடன் வந்து அளந்து பார்த்தால், நமது படம் ஒன்று பொய்யாகும்போது லயத்து வீடுகள் முப்பதின் மெய்யும் சேர்ந்தல்லவா பொய்யாகும்?

விடிந்ததும் தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனோம். அறையின் நீளம், அகலம், கறுப்பின் பரப்பு, வெடிப்பின் அகலம், உறங்குகிறவர்களின் தொகை ஆகிய எல்லாவற்றையும் எழுதினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு படங்கள்: 18 மில்லிமீட்டரில் வாசலிலிருந்து ஒன்று, 10 மில்லிமீட்டரில் அருகிலிருந்து ஒன்று. இரண்டிலும் அளவு நாடாவைச் சுவரோடு பிடித்து எடுத்தோம். படத்தின் அடியில் எந்த மில்லிமீட்டரில், எத்தனை அடித் தூரத்தில் எடுத்தது என்று குறித்தோம். முதல் அறிக்கையிலிருந்த படங்கள் வீட்டைப் பெரிதாகக் காட்டிவிட்டன, அக்குற்றம் நம்முடையது என்றும் ஒரு வரி எழுதினோம். தொழிலாளர் வீட்டு வசதிக்கென 1990இல் இயற்றப்பட்ட 446 ஆம் எண் சட்டத்தையும் மரியாதையாக நினைவூட்டினோம். நமது மானேஜர் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். மூன்றாம் மாதம் ஒரு லாரியில் தகரம் வந்தது. ஆறு வீடுகளுக்குக் கூரை மாற்றினார்கள். பாட்டி வீட்டுச் சுவரைப் பூசினார்கள். மற்ற வீடுகள் இன்னும் காத்திருக்கின்றன. நமது கடிதங்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

இப்பொழுதெல்லாம் இக்கண்ணுக்காகத் தனி லென்ஸ் வாங்க வேண்டியதுமில்லை. 2019இல் வந்த ஐபோன் 11இல் 120 பாகை பார்க்கும் கண் ஒன்று கூடுதலாக இருந்தது. அதன் பிறகு விலை குறைந்த தொலைபேசிகளிலும் அது வந்துவிட்டது. பட்டணத்தில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் அறைமூலையில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு, வீட்டை நேரிற் பார்த்ததும் வாய் மூடாமல் நின்ற நம் உறவினர் ஒருவர் உண்டு. அவருக்கு நாடாவின் பெருமையை விளக்கினோம். அவர் கேட்கும் மனநிலையில் இல்லை.

சென்ற மாதம் பாட்டி நம்மை ஆபீசுக்கே தேடிக்கொண்டு வந்தார். தமக்கு ஒரு படம் வேண்டுமென்றார். முகம் நேர்த்தியாக விழவேண்டுமானால் இந்த லென்ஸ் உதவாது. நீளமான வேறொன்றை மாட்டிக்கொண்டு வருகிறோம், வாசலில் வெளிச்சத்தில் உட்காருங்கள் என்று சொன்னோம்.

“என் மூஞ்சி என்னாத்துக்குத் தம்பி? அன்னைக்குக் காட்டினியே, அந்தப் பெரிய வூட்டுப் படம், அதைக் குடு. மவன் சிங்கப்பூருல இருக்கான். ஆயா எப்படிப் படுத்துக் கெடக்குதோன்னு போன் பண்றப்பெல்லாம் கேக்கறான். அதப் பாத்தான்னா நிம்மதியா இருப்பான்.”

அந்த அறிக்கையைப் பற்றியும் தொலைபேசியில் வந்த பாராட்டைப் பற்றியும் பாட்டிக்குச் சொல்லத் தொடங்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி தம்பி. மவன் என்னா நாடா புடிச்சா பாக்கப் போறான்?” என்றார்.

மறுநாள் அவரை நடுவில் உட்கார வைத்து, பழைய மூலையில் முதுகை ஒட்டி நின்றோம். பூசிய சுவர் வெள்ளையாக இருந்தது. பாய் விரிந்து கிடந்தது. பாட்டி புதுச் சேலை கட்டியிருந்தார். வளையத்தைப் பத்துக்குத் திருப்பினோம்.